வாத்து முந்தினால் பரிசு! நாய்க்கும் பூனைக்கும் சோறு!

ஆற்றின் மேலே ஒரு பழைய கல் பாலம். பாலம் முழுவதும் கூட்டம். கரை நெடுகிலும் கூட்டம். குழந்தைகள் அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டிமார் வீட்டிலிருந்தே மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

பாலத்தின் நடுவில் நாலு பேர் ஒரு பெரிய மூட்டையைத் தூக்குகிறார்கள்.

"ஒன்று... இரண்டு... மூன்று!"

மூட்டை கவிழ்கிறது. பொலபொலவென்று ஆயிரம் வாத்துகள் ஆற்றில் விழுகின்றன!

எல்லாம் மஞ்சள் வாத்துகள். ஒன்றுக்கும் உயிர் இல்லை! குழந்தைகள் குளிக்கும் தொட்டியில் விட்டு விளையாடும் பொம்மை வாத்துகள்.

"போ! போ! சீக்கிரம் போ!" என்று கரையில் இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தன்னுடைய வாத்து எது என்று ஒருவருக்கும் தெரியாது! எல்லா வாத்துகளும் ஒரே அச்சு. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் எழுதியிருக்கிறது. அந்த எண் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆனாலும் ஆளுக்கு ஒரு வாத்தைக் குறி வைத்துக்கொண்டு, அதுதான் தன்னுடையது என்று நம்பிக் கத்துகிறார்கள்.

இங்கிலாந்துக் கிராமங்களில் நடக்கும் வாத்துப் பந்தயம் இது. பந்தயம் என்று பெயர். உண்மையில் இது ஒரு குலுக்கல் சீட்டு. கிடைக்கும் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது. ஆதரவு இல்லாத நாய், பூனைகளை வைத்துக் காப்பாற்றும் காப்பகங்களும் இந்த வழியில் பணம் திரட்டுகின்றன.

ஆறுதான் நீதிபதி

ஒரு வாத்துக்கு ஒரு சீட்டு. விலை ஒரு பவுண்டு அல்லது இரண்டு பவுண்டு இருக்கும். ஒரு பவுண்டு என்றால் நம் பணத்தில் 100 ரூபாய்க்கு மேல். சீட்டில் உள்ள எண்ணும் வாத்தின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதான். எந்த வாத்து முதலில் எல்லையைத் தொடுகிறதோ, அதன் சீட்டுக்காரருக்கு முதல் பரிசு.

ஆயிரம் வாத்து விற்றால் ஆயிரம் பவுண்டு. வாத்துகளை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பரிசுகளை ஊர்க் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு வாடகை கிடையாது!

இதில் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. ஆற்றின் நடுவில் தண்ணீர் வேகமாக ஓடும். கரை ஓரத்தில் மெதுவாக ஓடும். சில இடங்களில் சுழித்துக்கொண்டு பின்பக்கமாகவே திரும்பும். நடுவில் விழுந்த வாத்து போய்க்கொண்டே இருக்கும். ஓரத்தில் விழுந்தது, மரத்தின் வேரில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். முன்னால் போன வாத்து சுழியில் சிக்கிச் சுற்றும்போது கரையில் "ஐயோ!" என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே போய்ப் பார்க்கலாம்.

பெரிய பந்தயங்களும் நடந்திருக்கின்றன. 2009-ம் ஆண்டு லண்டன் அருகே தேம்ஸ் நதியில் ஒரே நாளில் 2 லட்சத்துக்கும் அதிகமான வாத்துகளை விட்டார்கள். நதியே மஞ்சள் பூசிக்கொண்டது போல் இருந்தது.

கடனுக்காகச் சிறை சென்றவர்

நாய்க்கும் பூனைக்கும் சோறு போட இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1824-ம் ஆண்டு ஜுன் மாதம் 16-ந் தேதி. லண்டனில் ஒரு காப்பிக் கடை. ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் அங்கே சிலரைக் கூட்டினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ் வந்திருந்தார். ரிச்சர்ட் மார்ட்டின் என்ற பாராளுமன்ற உறுப்பினரும் வந்திருந்தார். ஆடு மாடுகளைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்ற சட்டத்தை 1822-ல் கொண்டுவந்தவர் இவர்தான்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால், அதை யார் கவனிப்பது? சந்தையில் மாட்டை அடிக்கிறவனை யார் பிடிப்பது? அதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிராணிவதைத் தடுப்புச் சங்கம் என்று நாம் சொல்லுகிறோமே, அந்த வகைச் சங்கங்களில் இதுதான் மூத்தது.

அந்தக் காப்பிக் கடையின் பெயர் "ஓல்டு ஸ்லாட்டர்ஸ்". ஸ்லாட்டர் என்பது கடையைத் தொடங்கியவரின் பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு "வெட்டிக் கொல்லுதல்" என்று அர்த்தம்! பிராணிகளைக் காக்கும் சங்கம் அப்படி ஒரு பெயர் உள்ள கடையில் பிறந்தது.

புரூம் தன் வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு உழைத்தார். சந்தைகளைக் கண்காணிக்க ஆட்களை அமர்த்தினார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வழக்குப் போடச் செலவு செய்ய வேண்டும். எல்லோரும் பாராட்டினார்கள். பணம் மட்டும் வரவில்லை. கடன் ஏறியது.

1826-ம் ஆண்டு சங்கத்தின் கடனுக்காகப் புரூமைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள்!

மார்ட்டினும், லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற இன்னொரு நண்பரும் பணம் திரட்டி அவரை விடுவித்தார்கள். சங்கம் பிழைத்துக்கொண்டது. 1840-ம் ஆண்டு விக்டோரியா ராணி அந்தச் சங்கத்துக்கு "ராயல்" என்ற பட்டத்தை வழங்கினார்.

அன்று புரூமுக்கு இருந்த கஷ்டம் இன்றும் தீரவில்லை. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாயைத் தூக்கி வருவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு மருந்து, கட்டு, தடுப்பூசி, மாதக்கணக்கில் சாப்பாடு. குளிர் நாடு என்பதால் கூண்டுக்குக் கணப்பும் வேண்டும். நாய் பணம் கொடுக்குமா? மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். சும்மா கேட்டால் ஒரு தடவை கொடுப்பார்கள். சிரிக்க வைத்துக் கேட்டால் ஒவ்வொரு ஆண்டும் கொடுப்பார்கள்.

ஐந்தில் ஒன்று

எல்லா ஊரிலும் ஆறு இருக்குமா? ஆறு இல்லாத ஊரில் "டொம்போலா" வைக்கிறார்கள். இத்தாலியச் சொல். குட்டிக்கரணம் போட்டு உருளுவது என்று பொருள். சீட்டுகள் ஒரு பீப்பாய்க்குள் உருளுவதால் இந்தப் பெயர்.

ஒரு மேசையில் 100 பரிசுகளை அடுக்கி வைக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இராது. பிஸ்கட் டப்பா, ஜாம் புட்டி, சோப்பு, கரடி பொம்மை. ஒவ்வொரு பரிசிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணின் கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக இருக்கும். பீப்பாயில் 1 முதல் 500 வரை எண்ணுள்ள சீட்டுகள் கிடக்கும். காசைக் கொடுத்துக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். எடுத்த சீட்டு 0 அல்லது 5-ல் முடிந்தால் பரிசு. மற்ற எண் வந்தால் சிரித்துவிட்டுப் போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து எண்ணில் இரண்டு எண் 0-விலும் 5-விலும் முடிகிறது. அதாவது ஐந்து சீட்டுக்கு ஒரு பரிசு! சீட்டு அரை பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 500 சீட்டுக்கு 250 பவுண்டு வசூல். பரிசு உடனே கைக்கு வருகிறது. ஆகவே, குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கும். காத்திருக்க வேண்டியதில்லை.

சாதாரணக் குலுக்கலும் உண்டு. சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை அச்சாகியிருக்கும். ஒன்றைக் கிழித்து உங்களிடம் கொடுப்பார்கள். மற்றொன்றை மடித்துப் பெட்டியில் போடுவார்கள். சாயங்காலம் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். "பச்சைச் சீட்டு, 243!" என்று ஒருவர் உரக்கப் படிப்பார். முதலில் வந்தவர் மேசையில் உள்ளதில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் மீதியிலிருந்து எடுக்க வேண்டும்.

கடைசியாக வருகிறவருக்குக் குளியல் உப்பு டப்பாதான் மிஞ்சும். அவர் அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த ஆண்டுக் குலுக்கலுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவார்! ஒரே குளியல் உப்பு பல ஆண்டுகளாக ஊரைச் சுற்றி வருகிறது என்று இங்கிலாந்துக்காரர்கள் தங்களையே கேலி செய்துகொள்கிறார்கள். நம் வீட்டுக் கலியாணங்களில் சுவர்க் கடிகாரம் சுற்றி வருவது போலத்தான்!

குலுக்கல் சாயங்காலம் என்றால், அதுவரை கூட்டம் கலையாமல் இருக்க வேண்டுமே? அதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். நாய்களுக்குப் போட்டி! அழகான நாய் எது என்று அல்ல. அதிகமாக வாலை ஆட்டும் நாய் எது? எஜமானரைப் போலவே முகம் உள்ள நாய் எது? இந்த இரண்டாவது போட்டியில் ஜெயிப்பதற்கு எஜமானர்கள் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நாலு பேர் பார்க்கும் கணக்கு

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். சட்டம் இன்னொரு பக்கம். காசு வாங்கி, அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு கொடுத்தால் அது லாட்டரி. வாத்தை மிதக்க விட்டாலும் லாட்டரிதான். 2005-ம் ஆண்டு இயற்றிய சூதாட்டச் சட்டம் இதற்கெல்லாம் விதி வகுத்திருக்கிறது.

விழா நடக்கும் இடத்திலேயே விற்று முடிக்கும் சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. ஆனால், வசூலான பணத்தில் பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மற்றச் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மீதி முழுவதும் பிராணிகளுக்கு.

வாரக்கணக்கில் முன்கூட்டியே ஊரில் சீட்டு விற்பதானால் அந்தப் பகுதி நகரசபையில் பதிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டுக் கட்டணம் 40 பவுண்டு. பிறகு ஆண்டுக்கு 20 பவுண்டு. சீட்டில் சங்கத்தின் பெயர், விலை, குலுக்கல் தேதி, பொறுப்பாளர் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. "ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்" என்று தள்ளுபடி கொடுக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விலை. வசூலில் நூற்றுக்கு 20 பங்காவது நல்ல காரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குலுக்கல் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கை எழுதி நகரசபையில் கொடுத்துவிட வேண்டும்.

நூற்றுக்கு 20 என்பது எனக்குக் குறைவாகவே படுகிறது. நாய் படத்தை அச்சிட்டுச் சீட்டு விற்றுவிட்டு 80 பங்கை வேறு செலவில் கரைத்தால், வாங்கியவர் மனம் என்ன பாடுபடும்? நல்ல சங்கங்கள் அப்படிச் செய்வதில்லை. பரிசு எல்லாம் நன்கொடை என்பதால், வசூலில் பெரும் பகுதியைக் காப்பகத்துக்கே சேர்த்துவிடுகிறார்கள். வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுகிறார்கள்.

ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் சீட்டு அச்சடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்!

பையில் வந்த தங்க மீன்

இங்கிலாந்துச் சந்தைகளில் ஒரு பழைய பழக்கம் இருந்தது. வளையத்தை எறிந்து குச்சியில் மாட்டினால் ஒரு தங்க மீன் பரிசு! உயிருள்ள மீன். சின்னப் பையில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, முடி போட்டுக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார்கள்.

குழந்தைக்கு ஆனந்தம். மீனுக்கோ ஆபத்து! பையில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரில் காற்று சீக்கிரம் குறைந்துவிடும். வெயிலில் தண்ணீர் சூடாகும். வீட்டுக்குப் போனதும் குழாய்த் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து மீனை அதில் விடுவார்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மருந்து மீனுக்கு விஷம். சின்னக் கிண்ணத்தில் மீனின் கழிவே மீனுக்கு விஷமாகிவிடும். எத்தனையோ மீன்கள் சில நாட்களிலேயே மிதந்துவிட்டன. "தங்க மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் குழந்தைக்குச் சமாதானம் சொன்னார்கள்.

ஆயுள் அவ்வளவுதானா?

1956-ம் ஆண்டு டான்காஸ்டர் என்ற ஊர்ச் சந்தையில் ஒரு சிறுவன் இப்படி ஒரு மீனைப் பரிசாகப் பெற்றான். அதற்கு "டிஷ்" என்று பெயர் வைத்தார்கள். சிறுவன் வளர்ந்து பெரியவன் ஆனான். மீன் அவனுடைய பெற்றோரிடம் இருந்தது. தங்க நிறம் வெளுத்து வெள்ளி நிறம் ஆனது. மீன் சாகவில்லை! 1999-ம் ஆண்டுதான் அது இறந்தது. 43 ஆண்டு வாழ்ந்த மீன்! வீட்டில் வளர்ந்த தங்க மீன்களில் இவ்வளவு காலம் இருந்தது வேறு இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் பதிந்தார்கள்.

பையில் கொடுத்த மற்ற மீன்களும் கவனித்து வளர்த்திருந்தால் பல ஆண்டுகள் இருந்திருக்கும்.

2006-ம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் வந்தது. பெரியவர் துணை இல்லாத 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு உயிருள்ள பிராணியைப் பரிசாகக் கொடுப்பது இங்கிலாந்தில் குற்றம் ஆனது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. விழாவிலும் சந்தையிலும் உயிருள்ள பிராணியைப் பரிசாக வைப்பதற்கே அங்கே தடை போட்டுவிட்டார்கள்.

நாயைக் காப்பாற்றக் காசு திரட்டுகிற சங்கம் மீனைப் பலி கொடுக்க முடியுமா? அதனால்தான் டொம்போலா மேசையில் பஞ்சு அடைத்த நாய்க் குட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சோறு வேண்டாம். தடுப்பூசி வேண்டாம்.

மாடு போடும் முடிச்சு

மாட்டை வைத்தும் ஒரு குலுக்கல் இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள்.

புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். கட்டத்தைச் சீட்டாக விற்கிறார்கள். பிறகு ஒரு பசுவை உள்ளே விடுகிறார்கள். பசு எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ, அந்தக் கட்டத்துக்காரருக்குப் பரிசு!

நம் ஊரில் சாணியை அள்ளி வறட்டி தட்டுவார்கள். அங்கே சாணி விழுந்தால் கை தட்டுகிறார்கள். சாணி கோட்டின் மேல் விழுந்துவிட்டால்? எந்தக் கட்டத்தில் அதிகமாக இருக்கிறது என்று அளந்து பார்க்க நடுவர் இருக்கிறார்! அமெரிக்காவிலும் இந்த விளையாட்டுப் பிரபலம்.

பசு அவசரப்படாது. மணிக்கணக்கில் மேய்ந்துகொண்டே இருக்கும். கூட்டத்துக்குப் பொறுமை போய்விடும். கத்துவார்கள். விரட்டுவார்கள். பசு மிரளும். நிழலும் தண்ணீரும் வைத்து, கூட்டத்தைத் தூரத்தில் நிறுத்தினால் பசுவுக்குக் கஷ்டம் இல்லைதான். இருந்தாலும், பிராணிகளுக்காகச் செய்கிற காரியத்தில் ஒரு பிராணியை நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பொம்மை வாத்தே மேல்!

ஒரு வாத்தும் தப்பக் கூடாது

பொம்மை வாத்தினால் மட்டும் தொல்லை இல்லையா? இருக்கிறது. அது பிளாஸ்டிக். மக்காது. உடையும் வரை மிதந்துகொண்டே இருக்கும்.

1992-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு கப்பல் பசிபிக் கடலில் புயலில் மாட்டியது. பெட்டிகள் கடலில் விழுந்தன. ஒரு பெட்டியிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் வெளியே வந்துவிட்டன. மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை, நீல ஆமை, சிவப்பு நீர்நாய் போன்ற ஒரு பிராணி. பத்து மாதம் கழித்து, 3,000 கிலோ மீட்டருக்கு அப்பால் அலாஸ்கா கரையில் அவை ஒதுங்கத் தொடங்கின! பல ஆண்டுகள் வரை இந்தப் பொம்மைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று ஆராய்ச்சி செய்ய அவை விஞ்ஞானிகளுக்கு உதவின.

விஞ்ஞானிகளுக்கு உதவலாம். ஆற்றில் இருக்கும் உண்மையான வாத்துக்கு உதவுமா? உடைந்த துண்டை மீன் விழுங்கும். பறவை விழுங்கும். அந்தப் பறவையைக் கடைசியில் தூக்கிக்கொண்டு வரும் இடம், பந்தயம் நடத்திய அதே காப்பகமாகவும் இருக்கலாம்!

ஆகவே, எல்லைக் கோட்டில் ஏற்பாடு பலமாக இருக்கும். ஆற்றின் குறுக்கே மிதவைக் கயிறு கட்டுகிறார்கள். புனல் மாதிரி இரண்டு பக்கமும் வளைத்து, ஒரு வாத்து மட்டும் நுழையும்படி வழி விடுகிறார்கள். மார்பு வரை ரப்பர் உடை அணிந்த தொண்டர்கள் தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள். முதலில் வரும் வாத்தைப் பிடித்துக் கவிழ்த்து எண்ணைப் படிக்கிறார்கள். கரையில் ஒரு குரல் "என்னுடையது!" என்று கூவுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பரிசுக்காரர் கூச்சத்தோடு கையைத் தூக்குகிறார்.

கூட்டம் தேநீர்க் கடைப் பக்கம் போய்விடுகிறது. வேலை அதற்குப் பிறகுதான். புல்லில் உட்கார்ந்து வாத்துகளைப் பத்துப் பத்தாக வரிசை வைத்து எண்ணுகிறார்கள். விட்டது ஆயிரம். வந்தது ஆயிரம் இருக்க வேண்டும்.

சில சமயம் 999 இருக்கும். மறுபடியும் எண்ணுவார்கள். மறுபடியும் 999. இருட்டத் தொடங்கிவிடும். ஒருவர் கையில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தபடி, பாலத்தை நோக்கிக் கரையோரமாக நடக்கத் தொடங்குவார்.